கிட்டங்கித் தெருவுக்கு ரோடு வந்த வருஷம்

மாசி 3, புதன்

இந்த டைரியைப் பேத்தி சுபா கொடுத்தாள். பெட்ரோல் பங்கில் அவள் அப்பாவுக்கு இனாமாகக் கொடுத்ததாம். "அப்பத்தா, யாரோடயாவது சண்டை போடணும்னு தோணுச்சுன்னா இதுல எழுதிரு. எழுதுனா வாய் அடங்கும்" என்றாள். நான் அஞ்சாப்பில் பாதியில் நின்றவள். ஆனாலும் எழுத்து மறக்கவில்லை. எனக்கு எதுவுமே மறப்பதில்லை. இந்த வீட்டில் எல்லோருக்கும் அதுதான் தொந்தரவு.

முதல் சண்டை ராஜபுஷ்பத்தோடு. என் வீட்டுக்காரருக்கு அவள் சித்தப்பா மகள். இப்போது எங்கள் வார்டு கவுன்சிலர். அவள் அம்மா செத்தது ஒரு ஆடி மாதம், செவ்வாய்க்கிழமை மத்தியானம். தெருவில் வீடு வீடாக ஆள் விட்டுக் கேதம் சொன்னார்கள். வாடகைக்கு வந்து ஒரு மாதம் ஆகாத கறிக்கடைக்காரர் வீட்டுக்குக்கூட "இன்னார் தவறிட்டாங்க" என்று சொல்லிப் போனான் அந்த ஆள். பச்சைக் கட்டம் போட்ட சட்டை. எங்கள் வாசலை மட்டும் தாண்டிப் போய்விட்டான். கேதம் சொல்லாத சாவுக்குப் போகிற வழக்கம் எங்களில் கிடையாது. உள்ளே உட்கார்ந்து மேளச் சத்தத்தை மட்டும் கேட்டேன். அன்றோடு அவள் வீட்டுப் படியை மிதிப்பதை விட்டேன். பிறகு என் வீட்டுக்காரர் போனபோது நானும் அவளுக்குச் சொல்லிவிடவில்லை. அவளும் வரவில்லை. சரிக்குச் சரி.

போன கார்த்திகை மழைக்குத் தெரு குண்டும் குழியுமாகி, குழித்தண்ணீர் சாக்கடையோடு சேர்ந்து நின்றது. நான்தான் பெண்களைக் கூட்டிக்கொண்டு காலிக் குடத்தோடு நடுத்தெருவில் உட்கார்ந்தேன். ராஜபுஷ்பம் வந்து நின்றாள்.

"ரோடு போடாம இந்தத் தெருவுக்குள்ள கால வைக்காத" என்றேன். இத்தனை வருஷத்தில் அவளிடம் நேரில் சொன்ன ஒரே வார்த்தை அதுதான்.

"கவுன்சிலருன்னா வீட்ல தார் டின்னா வச்சிருக்கேன், மதினி?" என்றாள். எல்லோரும் சிரித்தார்கள். யார் யார் சிரித்தார்கள் என்று எனக்கு ஞாபகம் இருக்கிறது.

மாசி 5, வெள்ளி

சுபாவின் அப்பா, என் மகன் கதிரேசன், தீயணைப்பு நிலையத்தில் டிரைவர். முந்தாநாள் காலையில் போனவன் இன்று மத்தியானம்தான் வந்தான். மாற்று டிரைவர் கிடையாது. வைக்கோல் படப்பு ஒன்று, கிணற்றில் விழுந்த மாடு ஒன்று, பாத்திரக்கடையில் புகை ஒன்று என்று ஓடியிருக்கிறான்.

சாப்பிட உட்கார்ந்தவன் சொன்னான்: "வண்டிய நிறுத்துனா நான் பம்பப் பாக்கணும். இருதயராசு குழாயப் பிடிப்பான். உள்ள போக ஆளு இல்ல. ஒரு வண்டிக்கு எத்தன பேரு இருக்கணும் தெரியுமாம்மா?"

எத்தனை பேர் என்று சொல்வதற்குள் தூங்கிவிட்டான். கை தட்டில்தான் இருந்தது. எழுப்ப மனசு வரவில்லை. சொம்பில் தண்ணீர் எடுத்து வந்து, தட்டிலேயே அவன் கையைக் கழுவிவிட்டேன். அதற்கும் முழிக்கவில்லை.

மாசி 9, செவ்வாய்

காலையில் கதிரேசன் என் பக்கத்தில் வந்து உட்கார்ந்தான். ஏதோ கேட்கப் போகிறான் என்று தெரிந்தது. சின்னதிலேயே அப்படித்தான், கேட்பதற்கு முன் பாயின் கோரையைப் பிய்ப்பான்.

"ராஜபுஷ்பம் அத்தகிட்ட ஒரு வார்த்த சொல்லணும்மா."

"எந்த ராஜபுஷ்பம்?"

"ஊர்ல எத்தன ராஜபுஷ்பம் இருக்கு?"

"எனக்கு ஒருத்தியையும் தெரியாது."

அடுப்படியில் மருமகள் வேணி சிரித்தாள்.

அவன் விஷயத்தைச் சொன்னான். நிலையம் இருப்பது தகரக் கொட்டகையில். ஒரு வண்டி நிற்கத்தான் இடம். நகராட்சி சந்தைப்பேட்டைக் காலி இடத்தைக் கொடுத்தால் அரசாங்கம் கட்டடம் கட்டி, இரண்டாவது வண்டியும் ஆட்களும் தரத் தயாராக இருக்கிறது. இடத்தைக் கொடுக்கக் கவுன்சில் தீர்மானம் போட வேண்டும். சேர்மனுக்கோ அங்கே கடை கட்டி வாடகைக்கு விட ஆசை. கடைக்குக் கை தூக்குகிற கவுன்சிலர்களின் வார்டுக்கு இந்த வருஷமே ரோடு என்று சொல்லியிருக்கிறாராம். இரண்டு பக்கமும் கிட்டத்தட்டச் சமமாக நிற்கிறது. ராஜபுஷ்பம் இன்னும் எந்தப் பக்கமும் சொல்லவில்லை.

"அவ ரோட்டுக்குத்தான் கை தூக்குவா. தெருவே ரோடு கேட்டிருக்கு" என்றேன்.

"தெரு கேக்கல, நீதான் கேட்ட. நீ போயி, ரோடு அடுத்த வருஷம் வரட்டும், ஆளு முதல்ல வரட்டும்னு சொன்னா கேட்டுக்கும். கவர்மெண்டு வேலைல இருக்கிற நான் போயிக் கேட்டா தப்பாப் போயிரும்."

"அவ எனக்குக் கேதம் சொல்லல."

"அந்தக் கெழவி எலும்பே மக்கிப்போச்சும்மா."

"எனக்கு மக்கல."

கோரை ஒன்று பிய்ந்து வந்துவிட்டது. அதை விரலில் சுற்றிக்கொண்டு, "அப்படியே ரோடு போட்டாலும் பழசச் சுரண்டிட்டுத்தான் போடணும்மா. மேல மேல போட்டா நம்ம வீடு கெணறாயிரும்" என்றான்.

வெள்ளிக்கிழமை போகிறேன் என்று சொல்லிவிட்டேன். பெற்ற பிள்ளை கேட்கிறான்.

மாசி 10, புதன்

மோர்மிளகாய் காயப்போட்டேன். போவதாகச் சொன்னது வெள்ளி. இன்று புதன்தான்.

மாசி 12, வெள்ளி

போனேன். தலைக்குக் குளித்து, நீலச் சுங்கிடிச் சேலை உடுத்திக்கொண்டு போனேன். அவள் வீடு அடுத்த தெரு முனையில், கொடிக்கம்பத்துக்கு எதிரே. கொடிக்கம்பம் வரைக்கும் போய்விட்டேன். வெயில் முகத்தில் அடித்தது. அவள் வீட்டுக் கதவு சாத்தியிருந்த மாதிரி இருந்தது. சாத்தின வீட்டைப் போய்த் தட்டுகிற பழக்கம் எனக்கில்லை. கொஞ்சம் நின்று பார்த்துவிட்டு வந்துவிட்டேன்.

கதிரேசன் கேட்டான். "போனேன், வீடு பூட்டியிருந்துச்சு" என்றேன்.

"நாளைக்குப் போறியா?"

"பாப்போம்."

இட்லிப் பொடிக்கு உளுந்து வறுத்தேன். அடுப்பைப் பார்த்துக்கொண்டுதான் நின்றேன். இருந்தும் கருகிவிட்டது.

மாசி 16, செவ்வாய்

சாயங்காலம் தெருவில் வெடிச் சத்தம். ராஜபுஷ்பம் ஆட்டோவில் வந்து இறங்கினாள். கிட்டங்கித் தெருவுக்குச் சிமெண்டு ரோடு தீர்மானம் ஆகிவிட்டதாம். ஆள் விட்டு வீடு வீடாக லட்டுக் கொடுத்தாள். இந்த முறை எங்கள் வாசலைத் தாண்டவில்லை. வாங்கிக்கொண்டேன். நெய் லட்டு இல்லை, எண்ணெய் வாடை அடித்தது. பெண்கள் எல்லாம் "ஒங்களாலதான் பெரியம்மா" என்று என் கையைப் பிடித்தார்கள். பொய் சொல்லவில்லை, சந்தோஷமாகத்தான் இருந்தது.

கதிரேசன் வேலை முடிந்து வந்தான். வெடித்தாளை மிதித்துக்கொண்டு வந்து வாசலில் நின்றான்.

"இடம் என்னாச்சு?" என்றான்.

யாருக்கும் தெரியவில்லை. எனக்கும் தெரியாது என்றேன். இருதயராசுக்குப் போன் போட்டுக் கேட்டுக்கொண்டான். சந்தைப்பேட்டையில் கடைதான். ஒரு கை வித்தியாசத்தில் போயிருக்கிறது.

சாப்பிடும்போது குழம்பில் உப்புப் போதுமா என்று கேட்டேன். போதும் என்றான். வேறு எதுவும் அவன் கேட்கவில்லை. கேட்டிருந்தால் நானும் ஏதாவது சொல்லியிருப்பேன்.

பங்குனி 6, திங்கள்

ரோடு போடுகிறார்கள். பழசைச் சுரண்டவில்லை. தார் ரோட்டின் மேலேயே ஜல்லியைக் கொட்டி அதன் மேல் சிமெண்டு. நான் போய் நடுவில் நின்றேன்.

மேஸ்திரி சொன்னான்: "பாட்டி, எஸ்டிமேட்ல சுரண்டுறது இல்ல."

"யாருக்குப் பாட்டி? ஒங்கப்பனப் பெத்தேனா நான்?"

"சரிங்க மேடம், எஸ்டிமேட்ல சுரண்டுறது இல்ல."

கலவை மெஷின் சத்தத்தில் நான் பேசியது எனக்கே கேட்கவில்லை. பெண்கள் ஒருத்தியும் வெளியே வரவில்லை. அவர்களுக்கு ரோடு வந்தால் போதும்.

முன்னே எங்கள் வீட்டுக்குள் வர இரண்டு படி ஏற வேண்டும். இப்போது ரோட்டிலிருந்து கீழே இறங்க வேண்டும். வேணி கோலம் போடப் போனவள் எங்கே போடுவது என்று தெரியாமல் கிண்ணத்தோடு நின்றாள்.

பங்குனி 12, ஞாயிறு

கதிரேசனுக்கு அரை நாள் லீவு. மழைத்தண்ணீர் உள்ளே இறங்காமல் இருக்க நிலைப்படிக்கு முன்னால் செங்கல் வைத்துத் தடுப்புக் கட்டினான். பாதியில் போன் வந்தது, சட்டையை மாட்டிக்கொண்டு ஓடினான். ஒரு பக்கம் உயரமாகவும் ஒரு பக்கம் ஒரு வரிசைக் கல்லாகவும் நிற்கிறது. மிச்சத்தை அடுத்த லீவில் கட்டுகிறேன் என்றான். சாந்துச்சட்டியை நான் கழுவி வைத்தேன்.

சித்திரை 12, செவ்வாய்

வெயில் தாங்கவில்லை. கிட்டங்கிகளில் புது மிளகாய் வத்தல் மூட்டை மூட்டையாக வந்து இறங்குகிறது. தெரு முழுக்கத் தும்மல். வேணி மாவு ஆட்டினாள். கதிரேசன் டிபன் பாக்ஸை மறந்துவிட்டுப் போய்விட்டான். மத்தியானம் யார் கையிலாவது கொடுத்துவிட வேண்டும்.

சித்திரை 15, வெள்ளி

வேணி படுத்திருக்கிறாள். சுபா அவள் பக்கத்தில் இருக்கிறாள். எனக்கு உட்கார்ந்தால் கை சும்மா இருக்க மாட்டேன் என்கிறது.

செவ்வாய்க்கிழமை மத்தியானம் தெருக் கோடியில் இருக்கிற வத்தல் கிட்டங்கியில் தீ. முதலில் புகை தெரியவில்லை, கமறல்தான் வந்தது. தெருவே இருமிக்கொண்டு ஓடியது. கண்ணைத் திறக்க முடியவில்லை. மணி அடித்துக்கொண்டு வண்டி வந்தது. புது ரோட்டில் வழுக்கிக்கொண்டு வந்த மாதிரி அவ்வளவு வேகமாக வந்தது. சன்னல் வழியாகக் கதிரேசனைப் பார்த்தேன். எங்கள் வீட்டைத் தாண்டும்போது திரும்பிப் பார்க்கவில்லை. ரோட்டைத்தான் பார்த்தான்.

வண்டியில் வந்தது அவனும் இருதயராசும்தான்.

வாட்ச்மேன் அய்யாத்துரை உள்ளே தூங்குவார், அவரைக் காணோம் என்று யாரோ சொல்லியிருக்கிறார்கள். இருதயராசு குழாயைப் பிடித்துக்கொண்டு நின்றான். பம்பை ஓடவிட்டுக் கதிரேசன் முகமூடியை மாட்டிக்கொண்டு உள்ளே போனான். டிரைவர் உள்ளே போகக் கூடாதாம். உள்ளே போவது வேறு ஆளின் வேலையாம்.

அய்யாத்துரை பின்சுவர் ஏறிக் குதித்து, அந்தப் பக்கத் தெருவில் உட்கார்ந்து இருமிக்கொண்டிருந்திருக்கிறார். அது தெரிந்ததும் எல்லோரும் கத்தினார்களாம். மூட்டை எரிகிற சத்தத்தில் உள்ளே கேட்கவில்லை. உள்ளே போய் "அய்யாத்துரை வெளிய வந்துட்டாரு, நீ வா" என்று சொல்ல ஒரு ஆள் இல்லை. இருதயராசு குழாயை விட்டுவிட்டு ஓடினான். அதற்குள் கூரை இறங்கிவிட்டது.

டிபன் பாக்ஸ் அப்படியே இருந்தது. புளிச்சோறு.

மறுநாள் கேதம் சொல்ல ஆள் அனுப்பினார்கள். என் தம்பி வந்து, "ராஜபுஷ்பம் வீட்டுக்கு?" என்று கேட்டான். "வேண்டாம்" என்றேன். "இப்பவுமாக்கா?" என்றான். "வேண்டாம்னா வேண்டாம்" என்றேன்.

அவள் வந்தாள். யாரும் சொல்லாமல் வந்தாள். ரோட்டின் மேல் நின்று, செருப்பைக் கழற்றிவிட்டு, பாதித் தடுப்பைத் தாண்டிக் கீழே இறங்கி வந்தாள். கேதம் சொல்லாத சாவுக்கு வருகிறவளைப் பார்த்துப் பெண்கள் எல்லாம் என் முகத்தைப் பார்த்தார்கள். நான் எழுந்திருக்கவில்லை. அவள் குனிந்து என்னைக் கட்டிக்கொண்டாள். நானும் கட்டிக்கொண்டேன். கட்டிக்கொண்டு அழ வந்தவளைத் தள்ள முடியாது, அது முறையில்லை.

அழுதுகொண்டே என் காதில் சொன்னாள்: "அன்னைக்குக் கொடிக்கம்பம் வரைக்கும் வந்தீங்களே மதினி. உள்ள இருந்து பாத்தேன். காப்பிக்குப் பால் வைக்கச் சொல்லிட்டு வாசலுக்கு வந்தேன், அதுக்குள்ள திரும்பிட்டீங்க. என்ன மதினி சொல்ல வந்தீங்க?"

மேளச் சத்தம். சரியாகக் கேட்கவில்லை.

போகும்போது சொல்லிக்கொள்ளாமல் போனாள். சாவு வீட்டில் அதுதான் வழக்கம்.

தூக்குகிற நேரத்தில் வாசலில் தடுமாறினார்கள். நிலை தாழ்ந்து, ரோடு உயர்ந்து, நேராகக் கொண்டுபோக முடியவில்லை. ரோட்டில் நின்றவர்கள் மேலே இழுக்க, உள்ளே நின்றவர்கள் கீழேயிருந்து தாங்கிக் கொடுத்தார்கள். சாய்த்துச் சாய்த்துத்தான் மேலே ஏற்றினார்கள். நான் கீழே நின்று பார்த்தேன்.

சித்திரை 27, புதன்

பதினாறு கும்பிட்டோம். பெரிய அதிகாரிகள் மாலையோடு வந்தார்கள். சேர்மன் வந்தார். "தியாகம்" என்றார். நான் தண்ணீர்கூடக் கொடுக்கச் சொல்லவில்லை. சேர்மன் பக்கத்தில் தலை குனிந்து நின்றவர்கள் யார் யார் என்று பார்த்து வைத்துக்கொண்டேன்.

எல்லோரும் போன பிறகு இருதயராசு வந்தான். கையில் கட்டு இன்னும் பிரிக்கவில்லை. கொட்டகையில் கிடந்த கதிரேசனின் செருப்பு, சீப்பு, தண்ணீர் பாட்டில் எல்லாம் ஒரு பையில் கொண்டுவந்தான். வாசலில் இறங்கும்போது தடுப்புக் கல்லில் இடித்துக்கொண்டான்.

"இப்ப வண்டி யாருப்பா ஓட்டுறா?" என்று கேட்டேன்.

"பக்கத்து ஊர்ல இருந்து ஒருத்தர் வாரம் மூணு நாளு வாராரு. மத்த நாளு நான்தாம்மா. லைசென்சு இருக்கு."

"நீ ஓட்டுனா குழாய யாரு பிடிக்கிறது?"

சாப்பிட உட்காரச் சொன்னேன். அவன் சாப்பிடும்போது தலை ஒரு தடவை சாய்ந்து நிமிர்ந்தது. அதைப் பார்த்துவிட்டு வேணி எழுந்து உள்ளே போய்விட்டாள்.

வைகாசி 9, செவ்வாய்

சுபா படிக்கிற ஊருக்குத் திரும்பிப் போகிறாள். "அப்பத்தா, டைரி எழுதுறியா?" என்று கேட்டாள். எழுதுகிறேன் என்றேன். "சண்டையா?" என்றாள். "சண்டைதான்" என்றேன். யாரோடு என்று கேட்டாள். பஸ் வந்துவிட்டது.

வைகாசி 20, சனி

கோடை மழை. அரை மணி நேரம்தான் பெய்தது. புது ரோடு பளபளவென்று கழுவி விட்ட மாதிரி ஆகிவிட்டது. அந்தத் தண்ணீர் அத்தனையும் எங்கள் வீட்டுக்குள் வந்தது. தடுப்பில் உயரமான பக்கம் ஒரு சொட்டு வரவில்லை. ஒரு வரிசைக் கல் இருந்த பக்கம் வழியாக வந்தது.

வேணியும் நானும் சட்டியால் மொண்டு ரோட்டுக்கு ஊற்றினோம். ஊற்ற ஊற்றத் திரும்பி வந்தது. வேணி சட்டியைப் போட்டுவிட்டுத் தண்ணீரிலேயே உட்கார்ந்துவிட்டாள்.

"யாரு அத்தை இந்த ரோட்டக் கேட்டது?" என்றாள்.

என்னைப் பார்த்துக் கேட்கவில்லை. தண்ணீரைப் பார்த்துத்தான் கேட்டாள். நான் மொண்டுகொண்டே இருந்தேன்.

வைகாசி 24, புதன்

இருதயராசு வந்திருந்தான். சந்தைப்பேட்டை இடத்தை மறுபடியும் கவுன்சிலில் எடுக்கிறார்களாம். ஒரு சாவு நடந்துவிட்டதால் மேலிடத்திலிருந்து கேட்டிருக்கிறார்கள். கடைக்கு ஏற்கெனவே ஆள் பேசி வைத்துவிட்டதால் சேர்மன் பக்கம் விடாப்பிடியாக நிற்கிறதாம். பழையபடி ஒரு கைதான் வித்தியாசமாம்.

"யாரு கைன்னு ஒங்களுக்குத் தெரியும்மா" என்றான்.

"நீ போயிக் கேக்க வேண்டியதுதான?" என்றேன்.

"நான் கேக்கக் கூடாதும்மா. கவர்மெண்டு வேலை."

அதே வார்த்தை. பாயின் ஓரத்தில் உட்கார்ந்திருந்தான். கதிரேசன் கோரை பிய்த்த இடத்துக்குப் பக்கத்தில்.

வைகாசி 25, வியாழன்

நீலச் சுங்கிடிதான் உடுத்திக்கொண்டு போனேன். அதே வெயில். கொடிக்கம்பத்தில் நிற்கவில்லை. நின்றால் திரும்பிவிடுவேன்.

ராஜபுஷ்பம் முறத்தில் கீரை ஆய்ந்துகொண்டிருந்தாள். என்னைப் பார்த்ததும் எழுந்தாள், முறம் சரிந்தது. "வாங்க மதினி" என்றாள். உள்ளே திரும்பி, "பால வைங்கடி" என்றாள்.

பால் வேண்டாம் என்று சொல்லவில்லை. உட்கார்ந்தேன். அவள் அம்மா படம் சுவரில் இருந்தது. மாலை புதுசு. அதைப் பார்த்துக்கொண்டே சொன்னேன்.

"அன்னைக்குச் சொல்ல வந்தத இன்னைக்குச் சொல்றேன். எங்களுக்கு ரோடு வேண்டாம். ஸ்டேசனுக்கு ஆளு வேணும்."

"ரோடுதான் போட்டாச்சே மதினி" என்றாள். அப்புறம் வாயைப் பொத்திக்கொண்டாள்.

உள்ளே பால் பொங்கி அடுப்பில் வழிகிற வாசனை வந்தது.

"சேர்மன் அடுத்த தேர்தல்ல எனக்குச் சீட்டு தர மாட்டாரு" என்றாள்.

"தராட்டிப் போறாரு. அந்தப் பையன் பேரு இருதயராசு. அவனுக்கும் அம்மா இருக்கா."

அவள் முந்தானையால் முகத்தைத் துடைத்துக்கொண்டாள். "தூக்குறேன் மதினி" என்றாள். "அப்பவே நீங்க ஒரு வார்த்த" என்று ஆரம்பித்தாள். மிச்சத்தைச் சொல்லவில்லை. கேதம் சொல்லாததைப் பற்றி நானும் கேட்கவில்லை. அந்தப் பச்சைக் கட்டச் சட்டை ஞாபகம் வந்தது, கேட்கவில்லை.

காப்பி குடித்தேன். சர்க்கரை அதிகம். "போயிட்டு வாரேன்" என்று சொல்லிக்கொண்டு எழுந்தேன்.

வெளியே வரும்போது கதவைப் பார்த்தேன். ஒற்றைக் கதவு, சுவரோடு ஒட்டித் திறந்து கிடந்தது. அதை ஒட்டி ஒரு பழைய ஆட்டுரல். நகர்த்துவதென்றால் இரண்டு ஆள் வேண்டும். அவள் அம்மா போன பிறகு அங்கே போட்டதாம். வேண்டாம் வேண்டாம் என்று நினைத்துக்கொண்டே கேட்டுவிட்டேன்.

"இந்தக் கதவச் சாத்துறது இல்லையா?"

"அது எங்க மதினி சாத்துறது? உரலு கெடக்குல்ல. உள்ள இருக்கிற கம்பிக் கேட்ட ராத்திரி மட்டும் பூட்டுவோம். இந்தக் கதவச் சாத்தியே எத்தனையோ வருஷமாச்சு."